மண்ணைக் கெடுத்தது விவசாயியா, மூட்டை விலையா?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம், செம்மண் பூமி. வரப்போரப் புங்க மரத்தடியிலிருந்து ஒரு மண்கட்டி, அவருடைய மக்காச்சோளக் கொல்லையிலிருந்து ஒரு மண்கட்டி. இரண்டையும் நன்றாகக் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விட்டேன்.

கொல்லை மண் டீயில் நனைத்த பொறை மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உதிர்ந்து, தண்ணீர் செங்குழம்பாகிவிட்டது. மரத்தடிக் கட்டி சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. இரண்டு இடத்துக்கும் நடுவே முப்பது அடி தூரம்கூட இருக்காது.

மரத்தடிக் கட்டியைப் பிடித்து வைத்திருந்தது உயிர்கள்தான். பூஞ்சை இழைகள், வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்றுவிட்டு பாக்டீரியாக்கள் விடுகிற பிசின், மண்புழுக் கழிவு எல்லாம் சேர்ந்து மண்ணைக் குருணை குருணையாகக் கட்டுகின்றன. குருணைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில்தான் தண்ணீரும் காற்றும் நிற்கும். இந்த உயிர்களுக்குத் தீனி மக்கு, அதாவது மண்ணில் மக்கிப்போன இலைதழையும் சாணமும். மக்கு தீர்ந்த நிலத்தில் ஒரு கனமழை அடித்தால் மேலே பொருக்குத் தட்டி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் போய் விழும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

இது விவசாயி கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலகத்துக் காற்றிலும் செடிகொடிகளிலும் இருக்கும் கரியை (கார்பனை) ஒன்றாகச் சேர்த்தாலும் மண்ணில் இருப்பது அதைவிட அதிகம். காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் ஒரு மண் நுண்ணுயிரிடமிருந்துதான் கிடைத்தது. மழை விழுந்ததும் வருகிறதே மண்வாசனை, அதுவும் பெரும்பாலும் அந்த நுண்ணுயிர்க் குடும்பத்தின் கைவேலைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 5 உலக மண் நாள் வந்தால் போதும், "விவசாயி பேராசையில் உரத்தைக் கொட்டி மண்ணைக் கொன்றுவிட்டான்" என்று பதிவு பதிவாக வரும். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு உரக்கடை விலைப்பலகையைப் பார்த்திருப்பார்கள்?

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். சாம்பல் சத்து (பொட்டாசியம்) தரும் பொட்டாஷ் அதற்கும் மேலே. 2010-ல் மத்திய அரசு உரத்தில் இருக்கும் சத்தின் அளவுக்கேற்ற மானியத்தைக் கொண்டுவந்தபோது யூரியாவை மட்டும் வெளியே வைத்துவிட்டது. மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா விலை கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல் சத்துகளை 4:2:1 என்ற கணக்கில் போடச் சொல்வது ஒரு பக்கம். மறுபக்கம் தழைச்சத்து தரும் யூரியாவை மட்டும் தண்ணீர் விலைக்குத் தருவது. "எது மலிவோ அதைத்தானடா பயிர் வைக்கிறவன் போடுவான்" என்றார் சித்தப்பா. அவரிடம் எனக்குப் பதில் இல்லை.

யூரியா விஷம் என்று நான் சொல்லவில்லை. பயிருக்குத் தழைச்சத்து வேண்டும். அது மட்டுமே விழுந்தால் இலை கருகருவென்று தளதளத்துப் பூச்சியை வா வா என்று கூப்பிடும். பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைப்போல சுமார் 270 மடங்கு. எருக்குழியோ, உழவு மாடு போய் டிராக்டர் வந்த அன்றே தூர்ந்துவிட்டது. இன்று ஒரு டிராக்டர் லோடு எரு வாங்கும் காசில் பத்து மூட்டைக்கு மேல் யூரியா வாங்கலாம்.

மண்ணைச் சோதித்து எந்தச் சத்து எவ்வளவு என்று அரசு எழுதித் தரும் மண்வள அட்டை 2015-ல் வந்தது. நல்ல யோசனை. ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் மண் எடுத்தார்கள். சித்தப்பாவுக்கு இருப்பது இரண்டு ஏக்கர். அட்டையில் இருப்பது அவர் மண்ணா பக்கத்துக் கொல்லை மண்ணா, யாருக்குத் தெரியும்? அட்டை சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதில் கரிமச் சத்து (மக்கிலிருந்து வரும் கார்பன்) 0.5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 'குறைவு'.

அதற்காக நாளைக்கே உரத்தை நிறுத்து என்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை போட்டார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். பல வருடம் மக்கு சேராத மண் அரசாணையைப் படித்துத் திருந்தாது.

என் கேள்வி இதுதான்: யூரியாவுக்குப் போகும் மானியத்தில் ஒரு பங்கை எருவுக்கும், மண்ணில் மடக்கி உழுது உரமாக்கும் சணப்பு, தக்கைப்பூண்டு விதைக்கும், நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவதற்கும் விவசாயி கையில் கொடுத்தால் என்ன? படிப்படியாக, ஐந்தாறு வருடத்தில்?

டம்ளர்களை சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், இந்த வருடம் அரை ஏக்கரில் சணப்பு விதைத்து மடக்கி உழப்போவதாகச் சொன்னார். மீதி ஒன்றரை ஏக்கருக்கு வழக்கம்போல் யூரியா. நான் எதுவும் சொல்லவில்லை.