டைட்டானியம் துருப்பிடிக்காது

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்தான் பல் இம்பிளான்ட். “டைட்டானியம் இம்பிளான்ட் வாய்க்குள் துருப்பிடிக்கும், எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது, உலோகமே கலக்காத செராமிக்தான் வைக்கணும்” என்று சிலர் சொல்வது சரியல்ல. துருப்பிடிப்பது இரும்பு. டைட்டானியம் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும், அதுதான் உலோகத்தை அரிக்காமல் காக்கும். தாடை எலும்பு அந்தப் படலத்தை ஒட்டித்தான் வளர்கிறது. ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்த டைட்டானியம் இம்பிளான்ட், அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை தாங்கியது. எம்.ஆர்.ஐ. தாராளமாக எடுக்கலாம், வாய்ப் பக்கம் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான்.

சரி, செராமிக் வீணா? இல்லை. (செராமிக் இம்பிளான்ட் செய்யும் சிர்கோனியாவும் சிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடுதான், அது வேறு விஷயம்.) முன்பல் இடத்தில் ஈறு மெல்லியதாக இருந்தால் டைட்டானியத்தின் சாம்பல் நிறம் நிழலாகத் தெரியும், அங்கே வெள்ளை சிர்கோனியா நல்லது. ஆனால் அதில் பல வகைகள் வேர்ப் பகுதியும் பல் பொருத்தும் மேல் பகுதியும் ஒரே துண்டாக வருவதால், வைத்தபின் கோணத்தைத் திருத்துவது கஷ்டம்.