திமிரா அது?

மூன்று நாளாக அந்த 40 விநாடி வீடியோவைத்தான் ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். கதை பலருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மலேசியாவின் கிள்ளானில் ஒரு விருந்தில் பியானோ வாசிக்க அழைத்த பிள்ளை மேடையேறி, கீபோர்டில் இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அறிவிப்பாளர் காதில் ஏதோ சொல்லி, வாசிக்காமலே இறங்கிப் போனது. உடனே "திமிர்", "வெளிநாட்டுப் படிப்புக் கொழுப்பு", "டத்தோ பட்டக்காரர் முன்னாடியே இப்படியா?"

திமிர் இல்லை.

மேடையில் இருந்தது 61 கட்டைக் கீபோர்டு. பியானோவுக்கு 88. "நடுவில் இருக்கிற கட்டைகள் போதாதா?" என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். போதாது அண்ணே. அழைப்பிதழில் நீங்களே அச்சடித்த உருப்படி, ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோஃப் 1892இல் எழுதிய சி ஷார்ப் மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ உருப்படி. அது மூன்று சுரமாக, மூன்று இடி போல இறங்கும்: ஏ, ஜி ஷார்ப், சி ஷார்ப். மூன்றின் அடிச்சுரமும் அந்தக் கீபோர்டில் கிடையாது. அதற்கு மேலேதான் அதன் முதல் கட்டையே. காலால் பெடலை மிதித்தபடி கடைசி சி ஷார்ப் ஒலித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் மெல்லிய கார்டுகள் வர வேண்டும். பெடல் என்று அங்கே கிடந்தது ஒயரில் தொங்கும் ஒரு சுவிட்ச். பளிங்குத் தரையில் ஒவ்வொரு மிதிக்கும் அரை அடி வழுக்கிப் போகும். இதில் எதை வாசிப்பது?

மிருதங்க வித்வானைக் கூப்பிட்டு, "தோல் இல்லை, பிளாஸ்டிக் டிரம்தான் இருக்கிறது, சமாளியுங்கள்" என்று சொல்வீர்களா? தொப்பி எனும் இடப்பக்கத் தோலில் ரவை அப்பி, கல்லால் தட்டித் தட்டி அவர் சுதி சேர்க்கும்வரை சபையே பேசாமல் காத்திருக்கும். காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அவராவது தன் வாத்தியத்தைத் தானே தூக்கி வருகிறார். பெரிய கச்சேரி கிராண்ட் பியானோ 274 செண்டிமீட்டர் நீளம், அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பியானோ வாசிப்பவர்தான் முன்பின் தெரியாத வாத்தியத்தில் போய் உட்கார வேண்டியவர். அந்த வாத்தியத்துக்குப் பொறுப்பு கூப்பிட்டவருடையது.

சரி, நிஜப் பியானோவே வாடகைக்கு எடுத்தாலும் நம் ஊரில் அதோடு முடியாது. பினாங்கில் ஒரு கல்யாணத்துக்கு மதியம் மூன்று மணி வெயிலில் லோரியில் வந்து இறங்கியது பியானோ. ஐந்து மணிக்கு ட்யூனர் வந்து சுதி சேர்த்துவிட்டுப் போனார். ஆறு மணிக்குத்தான் மண்டபத்தில் ஏசி போட்டார்கள். கம்பி குளிரில் உடனே இறுகும். உள்ளே ஒலியைப் பெருக்கும் சவுண்ட்போர்டு மரம் வெளியே ஏறிய ஈரத்தை மெல்லத்தான் விடும். மேல் சுரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பி. மூன்றில் ஒன்று இம்மி விலகினாலும் போதும், சுரம் குடித்தவன் பேச்சு மாதிரி இழுக்கும். எட்டரைக்கு வாசித்த பையனைத்தான் "பயிற்சி போதவில்லை" என்றார்கள்.

ஆகவே முதல் நாளே இறக்குங்கள். கச்சேரிக்கு எந்த அளவு ஏசியோ அதே அளவில் காலையிலிருந்து ஓட விடுங்கள். ட்யூனருக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் நாற்காலி இழுக்காதீர்கள், மைக் டெஸ்டிங் வேண்டாம். சில நூறு வெள்ளி (ரிங்கிட்) வேலை இது. வாசலில் நின்ற பூ வளைவுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

"உண்மையான கலைஞன் எதிலும் வாசிப்பான், கீத் ஜாரெட் கொலோனில் ஓட்டைப் பியானோவில் வாசிக்கவில்லையா?" இது இரண்டு பேர் போட்ட கமெண்ட். 1975இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அந்த அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். பிறகு அந்தப் பியானோவைப் பழுதுபார்த்துச் சுதி சேர்த்த பின்தான் உட்கார்ந்தார். அவர் வாசித்தது மனோதர்மம், அந்தக் கணத்தில் தோன்றுவது. மேல் கட்டைகள் கிறீச்சிட்டால் நடுவிலேயே சுற்றி வரலாம். எழுதி வைத்த உருப்படியில் எந்தச் சுரத்தை விட்டு ஓடுவது? ஜாரெட் கதையையும் முழுசாகப் பாருங்கள் சார், தலைப்பை மட்டும் படிக்காதீர்கள்.

என்ன வாத்தியம் என்று அந்தப் பிள்ளை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கலாம் என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு வயது. விடுங்கள்.

"சேவைதானே, காசு எதற்கு?" இதுதான் எனக்கு எரிகிறது. அந்தப் பிள்ளை இப்போது எதற்குத் தயாராகிறது என்று ஒருவராவது கேட்டீர்களா? போலந்தின் வார்சாவில் நடக்கும் ஷோபன் பியானோ போட்டி ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். முப்பது வயதுக்கு மேல் இடமில்லை. இன்னும் எத்தனை முறை கிடைக்கும், விரல் விட்டு எண்ணுங்கள். 2022இல் அமெரிக்காவின் கிளைபர்ன் பியானோ போட்டியில் ஜெயித்த கொரியப் பையன் யுன்சான் லிம்முக்கு 18தான். இந்த மாதிரிப் போட்டிக்கு முதலில் வீடியோ அனுப்ப வேண்டும், உருப்படியை நடுவில் வெட்டி ஒட்டாமல். அதற்கு நல்ல மண்டபம், நல்ல கிராண்ட், ட்யூனர், ஒலிப்பதிவுக்காரர். நீங்கள் கொடுக்காத சம்பளம் அங்கேதான் போயிருக்கும். நீங்கள் கொடுத்தது ஒரு பொன்னாடை, ஒரு பாக்கெட் பிரியாணி.

சிரம்பானில் பிறந்த பியானோ கலைஞர் மெய் யி ஃபூவுக்கு 2013இல் பிபிசி மியூசிக் பத்திரிகை விருது கொடுத்தது. அவர் சாதித்தால் "நம்ம மலேசியா". நம் வீட்டுப் பிள்ளை என்றால், சாப்பாடு பரிமாறும்போது பின்னணிக்கு ஏதாவது தட்டணும், "அப்படியே ஒரு ராஜா பாட்டும் போடும்மா". ராஜா பாட்டு மட்டமில்லை, அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, உடனே அதற்கு ஒரு சண்டை வேண்டாம்.

பியானோ தேர்வில் கிரேட் எட்டு வரைக்கும் நம்மவர்கள் கூட்டிப்போய்க் கொண்டுவந்து, சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிந்ததும் பியானோ மேல் துணி விழும், துணி மேல் குத்துவிளக்கு. அதையும் தாண்டி ஒரு பிள்ளை தினமும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால், அதற்கு நாம் வைத்த பேர் திமிர்.

நேற்று ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு போன். வருத்தம் தெரிவித்தார்களாம். தீபாவளி விருந்துக்குக் கட்டாயம் வர வேண்டுமாம், இந்த முறை இரண்டு கீபோர்டு பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார்களாம்.