காலிக் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தால்தான் தண்ணீராம்!

தனியாக ஆடுகிற சீட்டாட்டம் ஒன்றில், பரப்பி வைத்த பத்து வரிசையில் ஒன்றே ஒன்றைக் காலி செய்ய எனக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. ஒன்றேகால் மணி நேரம்! அப்பாடா என்று மூச்சு விட்டு, கடைசிச் சுற்றைப் போடலாம் என்று சீட்டுக்கட்டில் கை வைக்கிறேன். அக்கா பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறான்: “மாமா, ஒரு வரிசை காலியா இருந்தா சீட்டு போடக் கூடாது. எதையாவது எடுத்து அங்க வெச்சுட்டுதான் போடணும்.”

எதற்கு? யாருக்காக? தண்டையார்பேட்டையில் தண்ணீர் லாரிக்குக் காலிக் குடத்தோடு நின்று வளர்ந்தவன் நான். ‘முதலில் குடத்தை நிரப்பிக்கொண்டு வா, அப்புறம் தண்ணீர் பிடி’ என்று லாரிக்காரர்கூட ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த விளையாட்டு சொல்கிறது.

பெயர் ஸ்பைடர் சாலிட்டர். இரண்டு சீட்டுக்கட்டு, 104 சீட்டு, ஆட ஒரே ஆள். ராஜாவில் தொடங்கி ஏஸ் வரை ஒரே சின்னத்தில் பதின்மூன்றும் இறங்குவரிசையாகச் சேர்ந்தால் அது வெளியே போகும். அப்படி எட்டு சேர்க்க வேண்டும். சிலந்திக்கு எட்டுக் கால் என்பதால் அந்தப் பெயராம். எனக்கு இப்போது இருப்பது ஒன்றரைக் கால். போன மாதம் மாடிப்படியில் வழுக்கி, முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் நடமாடக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. சரி, வீட்டில்தான் ரம்மி ஆடுகிற இரண்டு கட்டு இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். சனி அங்கேதான் பிடித்தது.

எனக்கு இந்த ஆட்டம் தெரியும் என்று நினைத்தது முதல் தப்பு. பாரிமுனையில் ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதைத்தான் ஆடுவேன். 500 புள்ளியில் தொடங்கும். ஒரு நகர்த்தலுக்கு ஒன்று குறையும், ஒரு வரிசை முழுசாகச் சேர்ந்தால் நூறு ஏறும். வாரத்துக்கு நாலு தடவை ஜெயித்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன். அதெல்லாம் ‘ஒரே சின்னம்’ என்கிற பாப்பா ஆட்டம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. 104 சீட்டும் ஸ்பேடு! கையில் தொடுகிற சீட்டில் அப்படி ஆட வேண்டுமானால் எட்டுக் கட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஸ்பேடை மட்டும் பொறுக்க வேண்டும். வீட்டு ரம்மிக் கட்டைப் பிரித்தால் ஸ்பேடு, ஆட்டின், டைமண்ட், கிளாவர் நாலும் ஒரே நேரத்தில் வந்து மூஞ்சியில் அறைகிறது. தெரியாமல் வைத்ததைத் திரும்ப எடுக்கலாம் என்றால், “மாமா அழுகுணி ஆட்டம் ஆடறாரு” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறான் பையன்.

அப்புறம் இடம். ஒரு சீட்டு இரண்டரை அங்குல அகலம், பத்து வரிசைக்கு 25 அங்குலம். எங்கள் முன்னறையில் கட்டில், டிவி, தையல் மெஷின் போக அவ்வளவு பரப்பு எங்கே இருக்கிறது? கேரம் போர்டை ஸ்டூல் மேல் ஏற்றினேன். ஆடுகிற பரப்பு 29 அங்குலம், இடித்துப் பிடித்து அடங்கியது. ஆனால் இது எந்த ஊர்? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமா பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இங்கே போய் ஒருத்தன் கேரம் போர்டில் சீட்டைப் பரப்பினால் சும்மா விடுவார்களா? ஜன்னலில் தலை நீட்டுகிறார்கள். “இன்னாண்ணே, தனியா சீட்டு ஆடற? ஜெயிச்சா துட்டு யாரு குடுப்பா?” பதில் சொல்வதற்குள் இன்னொருத்தன்: “அந்த ஏழத் தூக்கி எட்டு மேல வைண்ணே.” எட்டு ஆட்டின், ஏழு கிளாவர். வைக்கலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் சின்னம் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துத் தூக்க முடியாது. அந்த ஆட்டின் எட்டுக்கு அங்கேயே சமாதி. இதை விளக்கி முடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

போர்டில் பத்து வருஷப் பவுடர் ஊறிக் கிடக்கிறது. ஃபேனைப் போட்டால் சீட்டு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நிறுத்தினால் கத்திரி வெயில்; வியர்த்த விரலால் ஒரு சீட்டைத் தூக்கினால் மூன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. நாலு மணிக்குக் கடல் காற்று வந்ததே என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். ஏழாவது வரிசை புரண்டு எட்டாவதின் மேல் படுத்துவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது என் ரம்மி மூளை. முப்பது வருஷமாக மூன்று சீட்டு வரிசையாக வந்தாலே குளிர்ந்து பழகிய மனசு. இங்கே ஸ்பேடு பத்து, ஒன்பது, எட்டு சேர்ந்தது என்று துள்ளினால், இன்னும் பத்து வேண்டும்! ரம்மியில் ஏஸ் இரண்டோடும் சேரும், ராஜாவோடும் சேரும், தங்கமான சீட்டு. இங்கே ஏஸ் வந்து விழுந்தால் அதன் மேல் எதுவும் ஏறாது, வழி அடைத்துக்கொள்கிறது. ராஜா இன்னும் மோசம். காலி வரிசையைத் தவிர வேறெங்கும் எழுந்து போக மாட்டார். ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. இந்தச் சிலந்தி மேல் யாராவது கேஸ் போட்டால் சாட்சி சொல்ல நான் வருகிறேன், மாவுக்கட்டோடு.

முதலில் 54 சீட்டு பரப்ப வேண்டும். மீதி 50-ஐ, பத்துப் பத்தாக ஐந்து தடவை, எல்லா வரிசையின் தலையிலும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அரும்பாடுபட்டுக் கிளாவர் ராணி, ஜாக்கி, பத்து என்று அடுக்கி வைத்திருப்பேன். அதன் மேல் டைமண்ட் இரண்டு வந்து சம்மணம் போட்டு உட்காரும். நேற்றுப் போட்ட ரோட்டை இன்று தோண்டுகிற அதே வேலை. அப்படி நாலு தடவை தோண்டியதைத் தாண்டித்தான் அந்த ஒரு வரிசையைக் காலி செய்திருந்தேன்.

அதையும் நிரப்பச் சொல்கிறான். ஸ்பேடு ஒன்பதிலிருந்து நாலு வரை கோத்து வைத்திருந்ததில், வயிறு எரிய எரிய, நாலை மட்டும் பிரித்துக் காலி இடத்தில் வைத்தேன். கடைசிச் சுற்றை எடுத்துப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது. கை காலி. பத்தாவது வரிசைக்குச் சீட்டு இல்லை.

தொடைக்கு அடியில் பார்த்தேன். லுங்கியை உதறினேன். மாவுக்கட்டுக்குள் விழுந்திருக்குமோ என்று பையனை டார்ச் அடிக்கச் சொன்னேன். மொத்தத்தையும் கலைத்து எண்ணினால் 103.

சமையலறையிலிருந்து வந்த மனைவி ஒரு நிமிஷம் பார்த்தாள். “ஏங்க, ஜோக்கரையெல்லாம் எடுத்துட்டீங்களா?”

“ஆமாம். இந்த ஆட்டத்துக்கு ஜோக்கர் கிடையாது.”

“போன பொங்கலுக்கு ஆடறப்ப ஒரு சீட்டு தொலைஞ்சு போச்சே. அதுக்குப் பதிலா ஜோக்கர்ல எழுதி வெச்சீங்களே?”

டப்பாவைத் திறந்தேன். ஜோக்கரின் தொப்பிக்கு மேலே, நீல மையில், என் கையெழுத்திலேயே: டைமண்ட் ஜாக்கி.