என்னுடைய நோட்ஸ் மட்டும் வேண்டுமாம்

எங்கள் கல்லூரி சனிக்கிழமை போட்ட அந்தப் போட்டோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, பின்னால் பெரிய பேனர். பொருளியலுக்குக் கொழும்பிலிருந்து வருகை விரிவுரையாளர் வந்திருக்கிறார், கலாநிதி. நானும் லைக் போட்டேன், போய்ப் பாருங்கள், என் பெயர் இருக்கும். அதற்குப் பிறகுதான் கந்தோரிலிருந்து கோல் வந்தது. "மிஸ், உங்கட நோட்ஸ், பழைய வினாத்தாள் எல்லாத்தையும் ஒரு பென் டிரைவில போட்டுத் தர ஏலுமா? புது சேருக்குக் குடுக்க."

இங்கே ஆறு வருடம் வருகை விரிவுரையாளராகப் பொருளியல் படிப்பித்தவளிடம் கேட்டது அவ்வளவுதான். அடுத்த செமஸ்டருக்கு நான் இருக்கிறேனா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் படித்தவர். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மலையகத்தில் எண்பது பிள்ளைகள் படிக்கிற சின்னக் கல்லூரிக்கு வந்து போகிற ஆள் போதாது, இருக்கிற ஆள் வேண்டும். நிரந்தரமாக ஒரே ஒரு பொருளியல் விரிவுரையாளர். இத்தனை வருடமாக அந்த ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது, நாங்கள் வருகிறோம், போகிறோம். செவ்வாய்க்கிழமை கேள்வி நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்குகிற அளவு எவ்வளவு மாறும் என்பது) விளங்காத பிள்ளை, சேர் வருகிற சனிக்கிழமை வரைக்கும் யாரிடம் போய்க் கேட்கும்? கொழும்பு ரோட்டில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அந்தச் சனிக்கிழமையும் இல்லை.

வருகை விரிவுரையாளர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. ஒரு பாடத்துக்கு 45 மணித்தியாலம். எனக்கு மணித்தியாலத்துக்கு 1,200 ரூபாய், மொத்தம் 54,000. வினாத்தாள் போடுவது, விடைத்தாள் திருத்துவது, இரவில் வட்ஸ்அப்பில் விளக்கம் சொல்வது எல்லாம் இலவசம். போயா விடுமுறை வந்தால் காசில்லை. தேயிலைத் தோட்டத்தில் போல, பேர் விழுந்தால்தான், அதாவது அன்றைய வேலை கணக்கில் பதிந்தால்தான், சம்பளம்.

தோட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ஆன கிழமை நான் உழைப்புச் சந்தை படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை அம்மாவின் சம்பளத் துண்டை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதில் இருந்தது பழைய சம்பளம், புதுச் சம்பளத்துக்கு நாங்களே போர்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாதம் 25 பேர், அதாவது 25 நாள் வேலை, என்றால் 33,750, அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,700 போய்விடும். கொழுந்து குறைந்த நாளில் அரைப் பேர். சுற்றுவட்டாரத்தில் வேலை கொடுக்க ஒரே ஒரு கம்பனிதான் என்றால் கூலி எப்படி நிற்கும் என்று விளக்கிக்கொண்டு போகும்போது அதே பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "மிஸ், அப்ப உங்களுக்கும் அப்படித்தானே? பொருளியல் பட்டத்துக்குப் படிப்பிக்க இங்க வேற இடமில்லையே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிக்க முடியவில்லை.

சரி, இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. "நிர்வாகத்திடம் காசில்லை." எனக்கும் கணக்குத் தெரியும். புது சேருக்கு மணித்தியாலத்துக்கு 4,000 என்று கேள்விப்பட்டேன், மூன்று பாடம், செமஸ்டருக்கு 540,000. வான், தங்குமிடம் தனி. ஐந்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தக் காசுக்கு திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் இங்கேயே இருக்கிற ஒருவர் கிடைக்க மாட்டாரா? காசில்லை என்ற கதையை இதோடு விடுங்கள்.

"கொழும்பிலிருந்து ஆள் வந்தால் பிள்ளைகளின் பார்வை விரியும்." விரியட்டும். செமஸ்டருக்கு இரண்டு தடவை வந்து பேசட்டும், நானே பின் வாங்கில் இருந்து குறிப்பெடுப்பேன். ஆனால் இந்த விரிகிற பார்வை எப்போதும் மலைக்குக் கீழே இருந்துதான் வர வேண்டுமா? தோட்டத்து லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவளுக்குப் பார்வை கிடையாதா?

"பொறாமை." இதைத்தான் நிறையப் பேர் இன்பொக்ஸில் சொல்கிறார்கள், அதுவும் அக்கறையாக, "விடுங்க அக்கா, பொறாமைனு நினைச்சிடுவாங்க" என்று. நினைக்கட்டும். 2022 ஜூலையில் டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் கொட்டகலையிலிருந்து கல்லூரிக்குத் தண்டவாளம் வழியாக நடந்து வந்தவள் நான். வழியில் சிங்கமலை ரயில் சுரங்கம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், உள்ளே கூரை சொட்டும், ஒரு கையில் போன் வெளிச்சம், மறு கையில் திருத்திய விடைத்தாள் பை, நனையாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், அதை வகுப்பில் படிப்பித்ததும் நான்தான், என் 1,200 மட்டும் 1,200 ஆகவே இருந்தது. பொன்னாடை வேண்டாம். ஒரு தேங்க்ஸ் கடிதமாவது வந்ததா?

"அப்போ அந்த நிரந்தர இடம் உங்களுக்கு வேண்டும், அதற்குத்தானே இவ்வளவும்?" ஆமாம், வேண்டும். அதில் என்ன வெட்கம்? முதுமாணிதான், கலாநிதி இல்லை. ஒழுங்காக விளம்பரம் போட்டு, நேர்முகத் தேர்வு வைத்து, என்னைவிட நல்ல ஒருவரை எடுத்தால் நான் வாய் திறக்க மாட்டேன். (கொஞ்சம் அழுவேன், அது வேறு விடயம்.) ஆனால் அவர் இங்கே இருக்கிறவராக இருக்க வேண்டும்.

நேற்று இரவு பத்தரைக்கு ஒரு பிள்ளையிடமிருந்து மெசேஜ். "மிஸ், சேரிட ஸ்லைட்ல இங்கிலிஷ்ல டிமாண்ட் சப்ளை எண்டு இருக்கு, அது நம்ம கேள்வி நிரம்பல்தானே?" ஆமாம் மகள், அதுதான் என்று ஆரம்பித்து, வளையி வரைந்து போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் படுக்கும்போது பதினொன்றே கால்.

பென் டிரைவ் என் கைப்பையில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் திகதி போட்டு, கையெழுத்து வைத்து, கடிதத்தில் கேட்கட்டும்.