தைமின் வேறு, தைமிடின் வேறு

அண்ணா, "தைமின், தைமிடின் ரெண்டும் ஒன்றுதான், டிஎன்ஏவில் இருக்கும் நியூக்ளியோடைடின் பெயர் அது" என்று நீங்கள் எழுதியது தவறு. ஏ லெவல் உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் இதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். தைமின் என்பது காரம் (base) மட்டும். அதோடு டிஆக்சிரைபோஸ் சர்க்கரை சேர்ந்தால் தைமிடின், அது நியூக்ளியோசைடு. அந்தச் சர்க்கரையில் பாஸ்பேட்டும் ஏறினால்தான் நியூக்ளியோடைடு. ஒரு பாஸ்பேட் இருந்தால் தைமிடின் மோனோபாஸ்பேட், அதையே தைமிடிலேட் என்றும் சொல்வார்கள்.

தைமிடினில் டிஆக்சிரைபோஸ் இருந்தும் பெயரில் 'டிஆக்சி' இல்லையே என்று கேட்டிருந்தீர்கள், அது நல்ல கேள்வி. தைமின் டிஎன்ஏவில் மட்டும்தான் இருக்கும் என்று முதலில் நினைத்ததால் அந்த முன்னொட்டைத் தனியாகப் போடவில்லை. பிறகு டிஆர்என்ஏ (tRNA) என்ற ஆர்என்ஏ வகையில், ஆர்என்ஏவின் சர்க்கரையான ரைபோஸோடு சேர்ந்த தைமினும் கிடைத்தது, அதற்கு ரைபோதைமிடின் என்று பெயர், ஆனால் பழைய பெயர் மட்டும் மாறவில்லை. தெளிவு வேண்டுமென்றால் டிஆக்சிதைமிடின் என்று எழுதலாம், தப்பில்லை.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை அண்ணா. செல்லுக்குள் தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதி, டிஆக்சியூரிடின் மோனோபாஸ்பேட்டில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துத் தைமிடிலேட்டை உண்டாக்குகிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் 5-ஃப்ளூரோயுராசில் தடுப்பது முக்கியமாக இந்தப் படியைத்தான். காரம் எது, நியூக்ளியோடைடு எது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது? உங்கள் பதிவைத் திருத்திவிடுங்கள்.