இன்னும் பதினைந்தடி

தீயணைப்பு வண்டி ஒன்றை ஒழுங்காகப் படம் எடுக்க வேண்டுமென்றால், அது கொட்டகையை விட்டு முழுதாக வெளியே வந்து வெயிலில் நிற்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக ஒரு சனிக்கிழமை முழுவதையும் தொலைத்துவிட்டு வந்த வயிற்றெரிச்சலில் இதை எழுதுகிறேன்.

நான் போனது நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் தென்கரைக்கு அப்பால் நீண்டு கிடக்கும் ஃபயர் ஐலண்டுக்கு. பெயரிலேயே தீ இருக்கிறது, கேலியாகத் தோன்றினால் நான் பொறுப்பல்ல. ஏறத்தாழ 51 கிலோமீட்டர் நீளம் இருந்தும், பல இடங்களில் ஒரு கரையில் நின்றால் மறுகரை அலையோசை கேட்கும் அளவுக்கு ஒடுக்கமான மணல் திட்டு அது. இரு முனைகளில் மட்டுமே பாலம் உண்டு. நடுவிலுள்ள ஊர்களுக்குச் சாலையே கிடையாது. 1964இல் தீவின் பெரும்பகுதி தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. கார்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், படகிலிருந்து இறங்குகிறவர்கள் மூட்டை முடிச்சுகளைக் குழந்தைகள் இழுத்து விளையாடும் சிவப்பு நான்கு சக்கர வண்டியில் ஏற்றி, மரப்பலகை நடைபாதையில் கடகடவென்று இழுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீடும் மரம், பாதையும் மரம், கடற்காற்றோ ஓயாது. 2011 நவம்பரில் அந்தத் தீவின் பைன்ஸ் என்ற பகுதியிலிருந்த புகழ்பெற்ற நடன அரங்கம் எரிந்து சாம்பலானது. அதனால்தான் அங்குள்ள சின்னச் சின்ன ஊர்கள்கூடத் தன்னார்வலர்களைக் கொண்ட தீயணைப்புப் படையைத் தாமே வைத்திருக்கின்றன. நகரத்து நிலையங்களில் பார்க்கும் நீண்ட வண்டிகளுக்கு அங்கே வேலையில்லை. நான்கு சக்கரங்களும் இழுக்கும், மணலில் புதையாத, குறுகிய வண்டிகள்தான் தேவை. அவற்றைக் கடற்கரை மணலிலேயே ஓட்டி வர வேண்டும், இல்லையென்றால் தட்டைப் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். உப்புக்காற்று தகரத்தின் விளிம்புகளை அரித்துத் தின்ன, மேலே புதுச் சிவப்பு பூசியிருப்பார்கள். எனக்கு அந்த அழகுதான் வேண்டும். வேறெங்கும் அது கிடைக்காது.

அங்குள்ள ஓர் ஊரின் தீயணைப்பு நிலையத்தில் முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. எடுத்தவர், "சனிக்கிழமைதானே, வண்டி வெளியேதான் நிற்கும், தாராளமாக வாருங்கள்" என்றார். கொட்டகையின் வாசல் தென்கிழக்கு நோக்கியது என்று வரைபடத்தில் பார்த்து, காலை வெயில் வண்டியின் முகத்திலும் ஓட்டுநர் பக்கத்திலும் சேர்ந்து விழும் நேரத்தைக் கணக்கிட்டு, நியூ ஜெர்சியிலுள்ள என் வீட்டில் விடியுமுன் எழுந்து, இரண்டு ரயில் மாறி, ஒரு படகு ஏறி, பத்தரை மணிக்கு அந்த வாசலில் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிச் சதுரத்தில் கண்ணை ஒட்டிப் பார்த்தால், உள்ளே இருட்டில் வண்டியின் குரோம் பம்பர் மினுங்கியது. அதன் மேல் என் வியர்த்த முகமே பெரிதாகத் தெரிந்தது.

நாலரை மணி நேரம் காத்திருந்தேன். தன்னார்வலர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சம்பளம் வாங்காமல் அடுத்தவர் வீட்டுத் தீயை அணைக்கப் போகிறவர்கள், என் படத்துக்காகக் கதவருகே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் "வெளியேதான் நிற்கும்" என்று எதற்குச் சொல்ல வேண்டும்? தெரியாது என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? இதற்கிடையில் ஒரு பெண்மணி இரண்டு முறை வந்து, நான் காப்பீட்டு நிறுவனத்து ஆளா என்று விசாரித்துவிட்டுப் போனார். வண்டியின் அழகுக்காக ஒருவன் கடல் தாண்டி வருவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. லென்ஸைத் துடைக்கத் துடைக்க உப்புப் படலம் படிந்துகொண்டே இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு பெரியவர் வந்து கதவைத் தூக்கி, முகம் சுளிக்காமல் வண்டியைக் கிளப்பினார். பத்தடி நகர்ந்தது. நின்றது. வாசலுக்கு நேர் எதிரே, யாரோ வீடு கட்ட இறக்கிய பலகைக் கட்டு, நீல நிறத் தார்ப்பாய் போர்த்தி, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. தீயணைப்பு நிலையத்தின் வாசலில்! "அவசரமென்றால் ஒடித்துத் திருப்பிப் போய்விடுவோம்" என்றார் பெரியவர். அவசரத்துக்குப் போகலாம், என் படத்துக்குப் போகாதாம். வண்டி இருபத்தைந்து அடி. மீதிப் பதினைந்தடி கொட்டகைக்குள்ளேயே இருந்தது. அதற்குள் வெயிலும் கூரைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

பலகைக்காரரைத் தேடிப் பிடித்தேன். அவர் கையில் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டு, "மூக்கு நன்றாகத் தெரிகிறதே, எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்றார். மூக்கை எடுக்கவா ஐயா நான் வந்தேன்? முகமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரிய, சக்கரங்கள் நேராக, கதவுகள் மூடி, வண்டிக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு தூசிகூட இல்லாமல் எடுத்தால்தான் அது படம். பாதி வண்டியை எடுத்தால் அது வண்டியின் படமாகாது, கதவின் படமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். பம்பரும் விளக்குகளும் மங்கிய சிவப்பில் தெரிகின்றன, பின்னால் கறுப்பு. வலது ஓரத்தில் நீலத் தார்ப்பாயின் முனை காற்றில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள். கூட்டினேன், உள்ளே மாட்டியிருந்த யாருடைய மழைக்கோட்டோ தெரிந்தது. இனி அந்தத் தீவுக்குத் தொலைபேசினால், வண்டி வெளியே நிற்குமா என்று கேட்கப் போவதில்லை. எத்தனை அடி வெளியே நிற்கும் என்றுதான் கேட்பேன்.