கை வைத்தால் ஆறும் புண்

என் மகள் ஒரு நாவல் எழுதுகிறாள். 11ஆம் வகுப்பு. கெமிஸ்ட்ரிக்கு என்று வாங்கிக் கொடுத்த 200 பக்க நோட்டில் கெமிஸ்ட்ரி ஒன்பது பக்கத்தோடு நின்றுபோயிருக்கிறது. நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்னாலிருந்து கதையை ஆரம்பித்து, இப்போது கதை வந்து கெமிஸ்ட்ரியை இடிக்கிற நிலைமை. எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை நைட் டூட்டி முடிந்து வந்து படுத்த என்னை எழுப்பி, “படிச்சுப் பாரும்மா, ஆனா திருத்தக் கூடாது” என்று கையில் திணித்துவிட்டுப் போனாள். திருத்தவில்லை. அதனால்தான் இங்கே வந்து கொட்டுகிறேன். அவளுக்கு முகநூல் கிடையாது. அது கிழடுகள் இருக்கிற இடமாம்.

கதை இதுதான். ஒரே ஆறு, இரண்டு நாடு. மேலே குன்றம், கீழே வண்டல். ஆற்றின் கதவு குன்றத்துக்காரன் கையில். பழைய உடன்படிக்கைப்படி அவன் ஆண்டுக்கு நூற்றி எழுபத்தேழேகால் பொற்குடம் தண்ணீர் விட வேண்டும். விடுவதில்லை. சண்டை. (2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் பிலிகுண்டுலுவில் நமக்கு விட வேண்டும் என்று சொன்ன 177.25 டிஎம்சி காவிரித் தண்ணீரை இந்தப் பிள்ளை பொற்குடமாக்கி வைத்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடையில் பிறந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியுதோ இல்லையோ, டிஎம்சி தெரியும்.) வண்டல் நாட்டில் வேம்பி என்று 16 வயதுப் பெண். அவள் கை வைத்தால் புண் ஆறும். சேதி பரவியதும் வண்டல் அரசன் அவளைப் படைக்குத் தூக்குகிறான், குன்றத்தான் கடத்தப் பார்க்கிறான்.

இந்த அச்சு அவளாகக் கண்டுபிடித்தது இல்லை. போனில் அவள் படிக்கிற இங்கிலீஷ் மாயக்கதைகளில் பாதி இப்படித்தான் இருக்கிறது. ஒரு பெண், ஒரு சக்தி, மோதிக்கொள்கிற இரண்டு நாடு, எந்தப் பக்கம் என்று கடைசிவரை சொல்லாத ஒரு பையன். அவள் தொல்லை தாங்காமல் நானும் நாலைந்து படித்திருக்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்தக் கதைகள் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்க வைக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வார்டு மேசையில் என்னையே விழித்திருக்க வைத்திருக்கின்றன. ஆனால் அந்த வைத்தியம் பார்க்கிற இடம் வரும்போது மட்டும் எனக்குத் தொண்டையில் முள். கை வைக்கிறாள், வெளிச்சம் வருகிறது, புண் மூடிக்கொள்கிறது, அடுத்த அத்தியாயம்.

22 வருஷமாக கேஷுவால்டியிலும் வார்டிலும் நிற்கிறவள் நான். புண்ணுக்கு வாசனை உண்டு. அந்த வாசனை இந்தக் கதைகள் எதிலும் வரவில்லை. வயலில் மண்வெட்டி பட்டுக் காலைப் பிளந்துகொண்டு வருகிறவரின் புண்ணைக் கழுவ எத்தனை பாட்டில் சலைன் போகும் தெரியுமா? சேறு, வைக்கோல் துணுக்கு, கட்டியிருந்த பழந்துணியின் நூல் என்று ஒவ்வொன்றாக எடுத்து முடித்த பிறகுதான் தையலே. அதற்கப்புறம் டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசி, கட்டு, மூன்றாம் நாள் திரும்ப வரச் சொன்னால் வராமல் பத்தாம் நாள் சீழோடு வருவது, திட்டு, மறுபடி கட்டு. எனக்குத் தெரிந்து வைத்தியம் என்றால் இதுதான்.

என் மகளும் அந்தக் கை வெளிச்சத்தை எழுதியிருக்கிறாள். ஆனால் ஒன்று கூடுதலாகச் செய்திருக்கிறாள், அது எனக்குப் பிடித்தது. வேம்பி ஆற்றுகிற வலி எங்கும் போவதில்லை, அவள் உடம்புக்குள் வந்துவிடுகிறது. நல்ல யோசனை. என்ன கேடு என்றால் அடுத்த பக்கத்திலேயே அவள் ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. “ஒரு தூக்கத்துல போற வலின்னா நான் ஏன் நைட் டூட்டிக்கு இத்தன மாத்திரைய எடுத்துக்கிட்டு போறேன்?” என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கதை சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், சம்பா அறுப்பு சமயம். விடியற்காலை நாலு மணிக்கு ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். களத்துமேட்டில் நெல் காவலுக்குப் போன தாத்தாவோடு தரையில் படுத்திருந்தவன். காலில் ஒன்றும் தெரியவில்லை. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. வயிறு வலிக்கிறது என்கிறான், கண் இமை மட்டும் பாதியில் தொங்குகிறது. அந்த இமையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கட்டுவிரியன். அது கடித்தால் பல நேரம் கடித்ததே தெரியாது, தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும். பையனை முதலில் பக்கத்து ஊரில் மந்திரித்துப் பார்வை பார்க்கிறவரிடம் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் போக்கியிருந்தார்கள். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு பைசா வாங்காத மனிதர், வாங்கினால் சக்தி போய்விடும் என்று நம்புகிறவர். அவர் கடைசியில் “எனக்கு நிக்கல, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க” என்று சொன்னதால்தான் பையன் எங்களிடம் வந்தான். (என் மகள் இதைக் கேட்டதும் நோட்டில் குறித்துக்கொண்டாள். காசு வாங்கினால் சக்தி போய்விடும் என்பது எந்த இங்கிலீஷ் கதைக்கும் சளைத்த விதி இல்லைதான்.)

விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றினோம். பெரியவர்களுக்கும் அதே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. மூச்சு நின்றுவிடும் என்று தெரிந்து டியூப் போட்டு, மூன்று நாள் மெஷின் அவனுக்காக மூச்சு விட்டது. நாலாம் நாள் கண்ணைத் திறந்து கேட்டது இட்லி.

அந்தக் குப்பிக்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று என் மகளிடம் கேட்டேன். தெரியவில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கிற இருளர் பழங்குடிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் ஆரம்பித்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பவும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு நாள் கூட்டி, குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடம்பு அதை எதிர்த்து எதிர்த்துத் தன் ரத்தத்தில் ஒரு முறிவை உண்டாக்கிக்கொள்ளும். அந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான் அந்தக் குப்பி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. “உன் வேம்பி பண்றத நெசமாவே ஒரு குதிர பண்ணிக்கிட்டு இருக்குடி. அதுக்கு ஒரு தூக்கத்துல சரியாவுறது இல்ல” என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை அவள்.

இன்னொரு சண்டை குன்றத்துக்காரனைப் பற்றியது. அவள் கதையில் மேல்நாட்டில் ஒரு நல்லவன்கூட இல்லை. குழந்தைகூட கல்லெறிகிறது. கோபம் புரிகிறது. ஜூன் 12 வந்ததும் பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறந்தார்களா என்று டிவியைப் பார்த்தே வளர்ந்தவள். திறந்தால்கூட கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாலு நாள், அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று சொல்ல ஜோசியக்காரனைத்தான் கூப்பிட வேண்டும். அவள் அப்பா வரப்பில் நின்று திட்டாத திட்டா?

ஆனால் எனக்கு 2012 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் மேட்டூரை செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போச்சு. வந்த தண்ணீரும் முறை வைத்து. அந்தச் சமயத்தில் ஒரு ராத்திரி இரண்டு பேர், ஒருவர் பின்னால் ஒருவராக, மண்டை பிளந்து வந்தார்கள். ஒருத்தர் மேல்மடை, ஒருத்தர் கீழ்மடை. மதகுப் பலகையை யார் தூக்கியது என்பதில் தகராறு. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், வேறு கட்டில் இல்லை. டாக்டர் ஒருத்தருக்குத் தையல் போடும்போது மற்றவர் வைது கொண்டிருக்கிறார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, ஆட்டாதீங்க, தையல் கோணிக்கும்” என்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஊர். ஒரே குலதெய்வம்கூட. கர்நாடகத்தைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோமோ, அதையே எங்கள் கடைமடைக்காரர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தைப் பார்த்துச் சொல்வார்கள், அதையே அந்தக் கீழ்மடைக்காரர் அன்றைக்கு மேல்மடைக்காரரைப் பார்த்துச் சொன்னார். வேம்பி குன்றத்துக்காரன் ஒருத்தன் மண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு அத்தியாயம் இல்லாமல் இந்தக் கதை எனக்குப் பாதிக் கதைதான்.

இதையெல்லாம் மாயக்கதையில் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: நம்மிடம் இது பழைய சரக்கு. பதிற்றுப்பத்தில் 42ஆம் பாட்டில் பரணர், வீரனின் மார்புப் புண்ணைத் தைத்த நீளமான வெள்ளை ஊசிக்கு, மீனுக்காகக் குளத்தில் பாய்ந்து எழும் மீன்கொத்தியை உவமை சொல்கிறார். ஊசி உள்ளே போய் வெளியே வருவதை யாரோ பக்கத்தில் நின்று பார்க்காமல் அந்த உவமை வந்திருக்காது. எனக்கு அது தமிழ் மிஸ் நடத்தி வரவில்லை, தையல் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது புரிந்தது. புறநானூறு 281இல் அரிசில் கிழார் காட்டுவது இன்னும் நெருக்கம். போரில் புண்பட்டுக் கிடப்பவனைக் காக்க அவன் மனைவி தோழியைக் கூப்பிடுகிறாள். வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, பாட்டுப் பாடி, நறும்புகை போட்டுக் காவல். ராஜா பாட்டில் ஒரு வரியில் வந்து போகிறார், அவ்வளவுதான்.

திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையைப் பற்றி, அதாவது அந்தக் காலத்து ஆஸ்பத்திரியைப் பற்றி, சொல்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மருந்துச் செடி கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், எல்லாருக்கும் சம்பளத்தில் நெல்லும் உண்டு. 15 பேருக்கு இரண்டு செவிலியர்! 11ஆம் நூற்றாண்டில்! நான் வேலை பார்த்த வார்டுகளில் ராத்திரி ஷிப்டுக்கு என்ன கணக்கு என்பதை இங்கே எழுதினால் நாளைக்கு மெமோ வரும்.

சண்டைக்கு நாடுகளா பஞ்சம்? 1700களில் இந்த டெல்டாவில் தரங்கம்பாடியில் 1620லிருந்து டேனிஷ்காரன், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரன், 1739லிருந்து காரைக்காலில் பிரெஞ்சுக்காரன், தஞ்சாவூரில் மராட்டியர், பக்கத்தில் ஆற்காட்டு நவாபு, எல்லார் கதவையும் தட்டிக்கொண்டு இங்கிலீஷ் கம்பெனி. 1781இல் ஐதர் அலியின் படை வந்து போனது. இத்தனை கொடியும் சைக்கிளில் போகிற தூரத்துக்குள். இதற்கெல்லாம் கட்டுப் போட்ட கை எங்கே? சரித்திரக் கதை என்று எடுத்தால் அரசன், ஒற்றன், இளவரசி, சதி, குதிரை. படக்கதைப் புத்தகம் முடித்த பிள்ளை அடுத்து நேராகப் பெரியவர்கள் கதைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 16 வயதுக்கு என்று தமிழில் ஒரு தட்டு இல்லை. அதனால் போனில் இங்கிலீஷில் போய் விழுகிறார்கள், பிறகு நாம் தமிழ் அழிகிறது என்று கூட்டம் போடுகிறோம்.

நேற்று டூட்டி முடிந்து வந்தபோது நோட்டு என் தலையணை மேல் இருந்தது. புது அத்தியாயம். வேம்பி லாயத்தில் ஒரு கிழட்டுக் குதிரையோடு உட்கார்ந்திருக்கிறாள். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு, இத்தனை வருஷம் யாருடைய விஷத்தை நீ வாங்கிக்கொண்டாய் என்று கேட்கிறாள். குதிரை பதில் சொல்லவில்லை. நல்லவேளை, சொல்லியிருந்தால் நான் நோட்டை மூடியிருப்பேன்.

தூக்கம் போய்விட்டது. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“குதிரைக்கு வலிக்குமாம்மா?”

“வலிக்காம இருக்குமா? ஊசி போடுற எடம் வீங்கும்னு படிச்சிருக்கேன்.”

“சரி. அந்த மண்டைய பிடிக்கிற சீனும் வெக்கிறேன். ஆனா குன்றத்துத் தளபதி வில்லன்தான், அத மாத்த மாட்டேன். அப்பாவும் அதான் சொன்னாங்க.”

அப்பாவிடம் வேறு படிக்கக் கொடுத்திருக்கிறாள். கெமிஸ்ட்ரி இன்னும் அதே ஒன்பது பக்கம்.